நெடுந்தொலைவு ஒளியிழையில் ஒளித்துடிப்புகளை ஆளும் முறை

ஓர் ஒளியிழையில் நொடிக்கு 10 கிகாபிட், அதாவது ஆயிரம் கோடி பிட்கள் என்ற வேகத்தில் தகவல் செல்லும்போது, ஒவ்வொரு பிட்டுக்கும் கிடைக்கும் நேரம் 100 பிக்கோ நொடி மட்டுமே. ஒரு நொடியை லட்சம் கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு பிக்கோ நொடி. கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது என்பதால், அந்த 100 பிக்கோ நொடியில் அது கடக்கும் தூரம் 2 சென்டிமீட்டர். ஆகவே இழைக்குள் ஓடும் ஒரு பிட் என்பது 2 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு துண்டு: அதில் ஒளி இருந்தால் ஒன்று, இல்லையென்றால் சுழி. சென்னையிலிருந்து அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குக் கடலடியில் இடப்பட்டு 2020 ஆகஸ்டில் செயல்பாட்டுக்கு வந்த கேபிளின் மொத்த நீளம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். அட்லாண்டிக்கைக் கடக்கும் கேபிள்கள் 6,000 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கின்றன. இவ்வளவு தூரம் சென்ற பிறகும் அண்டைத் துண்டுகள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருக்க வேண்டும் என்பதே நெடுந்தொலைவு ஒளியிழைத் தொடர்பின் மையச் சிக்கல். இந்தக் கட்டுரை அந்த ஒரு சிக்கலை மட்டுமே எடுத்துக்கொள்கிறது.

முதலில் ஒளி மங்குவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இங்கிலாந்தின் ஹார்லோ நகரில் இருந்த ஸ்டாண்டர்ட் டெலிகம்யூனிகேஷன் ஆய்வகத்தில் பணியாற்றிய சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும், கிலோமீட்டருக்கு 20 டெசிபலுக்குக் குறைவான இழப்புள்ள, அதாவது ஒரு கிலோமீட்டர் சென்ற பிறகு நூற்றில் ஒரு பங்குக்கு மேல் ஒளி மிஞ்சும் கண்ணாடியைச் செய்ய முடிந்தால் அதைத் தொலைத்தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று 1966இல் காட்டினார்கள். நான்கே ஆண்டுகளில், 1970இல், அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அந்த எல்லையைத் தாண்டியது. இன்றைய இழைகளில் 1,550 நானோமீட்டர் அலைநீளத்தில் இழப்பு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.2 டெசிபல். அதாவது 100 கிலோமீட்டர் சென்ற பிறகும் புறப்பட்ட ஒளியில் நூற்றில் ஒரு பங்கு மிஞ்சியிருக்கும். கண்ணாடி எந்த அளவுக்குத் தூய்மையாக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

மங்கிய ஒளியை வழியில் மீட்டெடுக்க இரண்டு முறைகள் உள்ளன. 1988 டிசம்பரில் அட்லாண்டிக்கில் செயல்படத் தொடங்கிய முதல் ஒளியிழைக் கேபிளான டாட்-8, பழைய முறையைப் பயன்படுத்தியது. கடலடியில் இடைவெளி விட்டு வைக்கப்பட்ட ரிப்பீட்டர்கள் ஒளியை மின்குறிகையாக மாற்றி, அது ஒன்றா சுழியா என்று முடிவுசெய்து, புதிய துடிப்பாக மீண்டும் அனுப்பின. இந்த முறையில் ஒவ்வொரு ரிப்பீட்டரிலும் துடிப்பு புதிதாகப் பிறக்கிறது. அதுவரை சேர்ந்த எல்லாக் கேடுகளும் அங்கேயே அழிந்துவிடுகின்றன. ஆனால் நொடிக்கு இத்தனை பிட் என்று வடிவமைத்த மின்னணுச் சுற்றைக் கடலின் அடியில் போட்டுவிட்டால், பிறகு அந்த வேகத்தை மாற்ற வழியில்லை. பல அலைநீளங்களை அனுப்ப வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் தனிச் சுற்றும் வேண்டும்.

1987இல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெய்னின் குழுவும், பெல் ஆய்வகத்தில் இமானுவேல் டெசுர்வீரின் குழுவும் எர்பியம் என்ற தனிமம் கலந்த இழையைக் கொண்டு ஒளியை ஒளியாகவே பெருக்கிக் காட்டின. 980 அல்லது 1,480 நானோமீட்டர் லேசர் ஒளியால் எர்பியம் அயனிகளுக்கு ஆற்றல் ஊட்டினால், அந்த வழியாகச் செல்லும் 1,550 நானோமீட்டர் ஒளி அவற்றின் ஆற்றலைப் பெற்றுப் பெருகுகிறது. ஒரே பெருக்கி பல பத்து அலைநீளங்களை ஒருசேரப் பெருக்கும். பிட் வேகம் என்னவாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. 1990களின் நடுப்பகுதியில் அட்லாண்டிக்கில் இடப்பட்ட டாட்-12/13 கேபிள் இந்தப் பெருக்கிகளோடு வந்தது.

இந்த இடத்தில்தான் புதிய சிக்கல் பிறந்தது. எர்பியம் பெருக்கி துடிப்பின் ஆற்றலைக் கூட்டுமே தவிர, அதன் வடிவத்தைச் சீராக்காது. விரிந்துபோன துடிப்பு உள்ளே வந்தால் அதே விரிந்த துடிப்பு பலமாக வெளியே போகும். பழைய ரிப்பீட்டர்கள் சில பத்துக் கிலோமீட்டருக்கு ஒருமுறை துடைத்துவந்த கேடுகள் எல்லாம் இப்போது கரையிலிருந்து மறுகரை வரை சேர்ந்துகொண்டே போகத் தொடங்கின. அந்தக் கேடுகளில் முதன்மையானது நிறப்பிரிகை.

முப்பட்டகத்தின் வழியே வெள்ளொளி வண்ணங்களாகப் பிரிவதைப் பள்ளியில் படித்திருப்போம். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஒவ்வொரு அலைநீளத்துக்கும் சற்றே மாறுபடுவதே அதற்குக் காரணம். ஒளிவிலகல் எண் மாறினால் வேகமும் மாறும். தொலைத்தொடர்பில் பயன்படுவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி என்றாலும், இதே விதி அதற்கும் பொருந்தும். லேசர் தருவது ஒரே அலைநீளம்தானே, அதில் பிரிவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். தொடர்ந்து ஒரே சீராக எரியும் லேசர் ஒளி ஏறக்குறைய ஒரே அலைநீளம் கொண்டது என்பது உண்மை. ஆனால் அதை வெட்டித் துடிப்பாக்கிய கணமே அந்த நிலை மாறிவிடுகிறது. குறுகிய துடிப்பு எதுவானாலும் அது அண்டை அதிர்வெண்கள் பலவற்றின் கூட்டாகத்தான் இருக்க முடியும். துடிப்பு எவ்வளவு குறுகியதோ அவ்வளவு அகலமான அதிர்வெண் பட்டை அதற்குத் தேவைப்படுகிறது. இது கருவியின் குறை அல்ல, அலைகளின் இயல்பு. பழநிக்குப் பாதயாத்திரையாக ஒரே நேரத்தில் புறப்படும் கூட்டத்தில் விரைந்து நடப்பவர்கள் முன்னும் மெல்ல நடப்பவர்கள் பின்னுமாகப் பிரிந்து, இரண்டாம் நாளில் கூட்டம் பல மைல் நீளத்துக்குப் பரவிவிடுவதைப் போல, துடிப்பின் உட்கூறுகளும் தூரம் கூடக் கூட விலகிச் செல்கின்றன.

எவ்வளவு விலகும் என்பதைக் கணக்கிடலாம். ஒளி ஒரே பாங்கில் மட்டும் செல்லும்படி அமைந்த வழக்கமான ஒற்றைமுறை இழையில் 1,550 நானோமீட்டர் அலைநீளத்தில் நிறப்பிரிகையின் அளவு ஏறத்தாழ 17. இதன் பொருள்: அலைநீளத்தில் ஒரு நானோமீட்டர் வேறுபடும் இரண்டு கூறுகள், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 17 பிக்கோ நொடி விலகும். நொடிக்கு 10 கிகாபிட் வேகத்தில் செல்லும் குறிகையின் பட்டை அகலம் ஏறத்தாழ 0.1 நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு 1.7 பிக்கோ நொடி விரிவு ஏற்படும். 60 கிலோமீட்டரில் அது 100 பிக்கோ நொடியை எட்டிவிடும். அதாவது துடிப்பு அடுத்த பிட்டின் இடத்தை முழுமையாக ஆக்கிரமித்துவிடும். கடலைக் கடப்பது இருக்கட்டும், சென்னையிலிருந்து காஞ்சிபுரத்துக்குப் போவதற்குள்ளேயே பிட்கள் கலங்கத் தொடங்கிவிடும்.

வேகத்தைக் கூட்டினால் நிலைமை இன்னும் கடுமையாகிறது. 10 கிகாபிட்டை 40 ஆக உயர்த்துகிறோம் என்று கொள்வோம். துடிப்பு நான்கு மடங்கு குறுகுவதால் அதன் பட்டை நான்கு மடங்கு அகலமாகி, விலகலும் நான்கு மடங்காகிறது. அதே நேரத்தில், ஒரு பிட்டுக்கு உரிய இடம் 100 பிக்கோ நொடியிலிருந்து 25 ஆகச் சுருங்கிவிடுகிறது. இரண்டும் சேர்ந்து, தாங்கக்கூடிய தூரம் பதினாறில் ஒரு பங்காகிறது: 60 கிலோமீட்டர் இருந்த இடத்தில் 4 கிலோமீட்டருக்கும் குறைவு. எதிர்த் திசையில் பார்த்தால், 2.5 கிகாபிட் வேகத்தில் இதே இழை ஆயிரம் கிலோமீட்டர் வரை தாங்கும். குறைந்த வேகங்களில் யாரும் பெரிதாக எண்ணாத நிறப்பிரிகை, 10 கிகாபிட் காலத்தில் திடீரென்று எல்லோருடைய கவலையாகவும் மாறியதற்கு இந்த இருபடி விதியே காரணம். தொடக்கநிலையில் இந்தத் துறையைப் படிப்பவர் ஒரே ஒரு கணக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமானால் அது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

நிறப்பிரிகை தொல்லை என்றால், நிறப்பிரிகை இல்லாத இழையைச் செய்துவிட்டால் என்ன? சாதாரண இழையிலேயே 1,310 நானோமீட்டர் அருகே நிறப்பிரிகை சுழியாகிறது. டாட்-8 அந்த அலைநீளத்தில்தான் இயங்கியது. ஆனால் இழப்பு மிகக் குறைவாக இருப்பதும் எர்பியம் பெருக்குவதும் 1,550 நானோமீட்டர் பகுதியில். எனவே இழையில் ஒளி செல்லும் நடுப்பகுதியான உள்ளகத்தைத் திருத்தி வடிவமைத்து, சுழிப் புள்ளியை 1,550க்கு நகர்த்தினார்கள். குறைந்த இழப்பும் சுழி நிறப்பிரிகையும் ஒரே இடத்தில் அமைந்தன. ஜப்பான் இத்தகைய இழையைப் பெருமளவில் நிலத்தில் பதித்தது. ஓர் இழையில் ஓர் அலைநீளம் மட்டும் செல்லும்வரை இது சிறந்த தீர்வாகவே இருந்தது. ஒரே இழையில் பல அலைநீளங்களை அடுக்கி அனுப்பத் தொடங்கியபோதுதான் இதன் குறை வெளிப்பட்டது.

அந்தக் குறையைப் புரிந்துகொள்ளக் கண்ணாடியின் இன்னொரு பண்பை அறிய வேண்டும். ஒளியின் செறிவு கூடும்போது கண்ணாடியின் ஒளிவிலகல் எண் மிக மிகச் சிறிய அளவில் உயர்கிறது. இதைக் கெர் விளைவு என்பர். ஒற்றைமுறை இழையின் உள்ளகம் 10 மைக்ரோமீட்டருக்கும் குறைவான விட்டம் கொண்டது. ஒரு மில்லிவாட் என்பது மிக எளிய ஆற்றல்தான். ஆனால் அதை அவ்வளவு சிறிய பரப்பில் அடைத்தால், அங்கு நிலவும் ஒளிச்செறிவு நண்பகல் வெயிலைப் போலப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் இருக்கும். அப்போதும் ஒளிவிலகல் எண்ணில் ஏற்படும் மாற்றம் பத்து லட்சம் கோடியில் மூன்று பங்கு அளவே. ஆய்வகக் கண்ணாடித் துண்டில் இதை அளப்பதுகூடக் கடினம். ஆனால் பெருக்கிகள் அந்த ஆற்றலைத் தொடர்ந்து நிலைநிறுத்தினால், ஆயிரம் கிலோமீட்டரில் ஒளியலையின் கட்டம், அதாவது அலை தன் ஏற்ற இறக்கத்தில் நிற்கும் இடம், ஏறத்தாழ ஐந்தில் ஒரு அலை அளவுக்குப் பிறழ்ந்துவிடும். தூரம்தான் இந்த அற்ப விளைவைப் பெரிய கேடாக்குகிறது.

நிறப்பிரிகை சுழியான இழையில் எல்லா அலைநீளங்களும் ஒரே வேகத்தில், ஒருவரையொருவர் விட்டுப் பிரியாமல் பயணம் செய்கின்றன. கெர் விளைவின் வழியாக அவை ஒன்றன்மேல் ஒன்று செலுத்தும் தாக்கம், கிலோமீட்டர் தோறும் ஒரே திசையில் சேர்ந்துகொண்டே போகிறது. மூன்று அலைநீளங்கள் கலந்து நான்காவதாக ஒரு புதிய அலை முளைக்கிறது. அலைநீளங்களைச் சம இடைவெளியில் அடுக்கியிருந்தால், அந்தப் புதிய அலை ஏற்கனவே பயன்பாட்டில் உள்ள வேறொன்றின் மேலேயே போய் விழுகிறது. இந்த நான்கலைக் கலப்பை எந்த வடிகட்டியாலும் பின்னர் பிரித்தெடுக்க முடியாது. மாறாக, நிறப்பிரிகை இருக்கும் இழையில் அலைநீளங்கள் வெவ்வேறு வேகத்தில் ஒன்றையொன்று கடந்து செல்வதால், ஓரிடத்தில் ஏற்பட்ட தாக்கத்தை அடுத்த இடத்தில் ஏற்படும் தாக்கம் பெரும்பாலும் நீக்கிவிடுகிறது. துடிப்பை விரித்துக் கெடுக்கும் அதே நிறப்பிரிகை, துடிப்புகளை ஒன்றிடமிருந்து ஒன்று காக்கவும் செய்கிறது என்பதே 1990களில் பொறியாளர்கள் கற்றுக்கொண்ட பாடம். இதற்குப் பிறகு வந்த எல்லா வடிவமைப்புகளும் இந்தப் புரிதலின் மேல்தான் நிற்கின்றன.

இந்தப் புரிதலிலிருந்து பிறந்ததுதான் நிறப்பிரிகை மேலாண்மை. பாதையின் எந்த இடத்திலும் நிறப்பிரிகை சுழியாக இருக்கக் கூடாது. ஆனால் பாதை முழுவதற்குமான கூட்டுத்தொகை சுழிக்கு அருகில் இருக்க வேண்டும். நேர் நிறப்பிரிகையுள்ள இழையையும் எதிர் நிறப்பிரிகையுள்ள இழையையும் மாற்றி மாற்றி இணைத்தால் இரண்டும் நிறைவேறும். 100 கிலோமீட்டர் சாதாரண இழையில் சேரும் 1,700 அலகு நிறப்பிரிகையை, கிலோமீட்டருக்கு எதிர் 100 அலகு கொண்ட ஈடுசெய்யும் இழையில் 17 கிலோமீட்டர் செலுத்தி நீக்கிவிடலாம். முதல் இழையில் முந்திச் சென்ற குறு அலைநீளக் கூறுகள் இரண்டாம் இழையில் பின்தங்க, துடிப்பு மீண்டும் பழைய அகலத்துக்குச் சுருங்குகிறது. நிலத்தில் செல்லும் பாதைகளில் இந்த இழையைச் சுருளாகச் சுற்றி, நிலையத்தில் பெருக்கியோடு ஒரு பெட்டியில் வைத்துவிடுவார்கள். கடலில் அப்படி ஒரு நிலையம் கிடையாது. எனவே எதிர்க்குறி கொண்ட இழையைக் கேபிளின் ஒரு பகுதியாகவே பின்னி இட்டார்கள்.

இதற்கும் விலை உண்டு. ஈடுசெய்யும் இழையின் உள்ளகம் மிகக் குறுகியது. இழப்பும் கூடுதல், கெர் விளைவும் கூடுதல். ஆகவே ஒளி வலுவாக இருக்கும் இடத்தில் அதை வைக்கக் கூடாது. இரண்டு கட்டமாகப் பெருக்கும் பெருக்கியின் நடுவில், ஒளி அடங்கியிருக்கும் இடத்தில் அதைப் பொருத்துவது வழக்கமானது. இன்னொரு தொல்லை, நிறப்பிரிகையே அலைநீளத்தைப் பொறுத்து மாறுகிறது என்பது. எர்பியம் பெருக்கும் 35 நானோமீட்டர் பட்டையின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் சாதாரண இழையில் ஏறத்தாழ 2 அலகு வேறுபாடு இருக்கும். நடுவில் உள்ள அலைநீளத்துக்குச் சரியாக ஈடுசெய்துவிட்டாலும், இந்தச் சரிவைக் கவனிக்காமல் விட்டால், 6,000 கிலோமீட்டருக்குப் பிறகு இரு முனைகளுக்கும் இடையே 12,000 அலகு வேறுபாடு மிஞ்சிவிடும். அதனால் சரிவையும் சேர்த்து ஈடுசெய்யும் இழைகளை வடிவமைக்க வேண்டியிருந்தது. எந்த இழையை எத்தனை கிலோமீட்டர், எந்த வரிசையில் இடுவது என்ற திட்டத்தை நிறப்பிரிகை வரைபடம் என்பார்கள். 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ஒரு கடலடிக் கேபிளின் தரம் பெரிதும் அந்த வரைபடத்தின் தரமாகவே இருந்தது.

இதே காலத்தில் இன்னொரு வழியும் ஆராயப்பட்டது. அதன் அழகு கருதி அதைச் சொல்லாமல் செல்ல மனமில்லை. கெர் விளைவு துடிப்பின் முன்பகுதியில் அதிர்வெண்ணைக் குறைத்துப் பின்பகுதியில் கூட்டுகிறது. 1,550 நானோமீட்டர் பகுதியிலோ அதிர்வெண் கூடிய கூறுகளே வேகமாகச் செல்கின்றன. ஆகவே பின்பகுதி முன்பகுதியை நோக்கி நெருங்கி வருகிறது. துடிப்பின் உயரமும் அகலமும் சரியான விகிதத்தில் அமைந்துவிட்டால், நிறப்பிரிகை விரிக்கும் அளவும் கெர் விளைவு சுருக்கும் அளவும் சமமாகி, துடிப்பு வடிவம் குலையாமல் செல்லும். இத்தகைய துடிப்புக்குச் சாலிட்டான் என்று பெயர். 1834இல் எடின்பரோ அருகே ஒரு கால்வாயில், வடிவம் மாறாமல் நெடுந்தூரம் நகர்ந்த ஒற்றை நீரலையை ஜான் ஸ்காட் ரஸ்ஸல் குதிரை மீது பின்தொடர்ந்து சென்று பார்த்தார். ஒளியிழையிலும் அது நிகழ முடியும் என்று 1973இல் அகிரா ஹசேகவாவும் ஃபிரெடரிக் டாப்பர்ட்டும் கணித்தார்கள். 1980இல் பெல் ஆய்வகத்தில் லின் மோலனாவர் தம் சகாக்களோடு அதைச் சோதனையில் கண்டார்.

கொள்கையளவில் இவ்வளவு சிறப்பான சாலிட்டான் கடலடிக் கேபிள்களை ஆளவில்லை. பெருக்கிகள் ஒளியைப் பெருக்கும்போது சிறிது இரைச்சலையும் சேர்க்கின்றன. அந்த இரைச்சல் சாலிட்டானின் அதிர்வெண்ணை மிகச் சிறிதாகத் தள்ளிவிட, நிறப்பிரிகை அந்தத் தள்ளலை நேர விலகலாக மாற்றுகிறது. ஜேம்ஸ் கார்டனும் ஹெர்மன் ஹாஸும் 1986இல் விளக்கிய இந்த நடுக்கத்தால், வடிவம் குலையாத துடிப்புகூடத் தன் நேரத்துக்கு வந்து சேர முடியாமல் போகிறது. பாதையின் சராசரி நிறப்பிரிகையைக் குறைத்தால் இந்த நடுக்கமும் குறைகிறது என்று கண்டபோது, சாலிட்டான் ஆய்வும் நிறப்பிரிகை மேலாண்மையும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன.

2008 அளவில் நிலைமை அடியோடு மாறியது. அதுவரை மறுமுனையில் ஒளியைப் பெறும் ஏற்பியில் இருந்த ஒளி உணரி ஒளியின் ஆற்றலை மட்டுமே அளந்தது. அலையின் கட்டம் அந்த இடத்தில் தொலைந்துபோயிற்று. நிறப்பிரிகை செய்வதோ, ஒவ்வொரு அதிர்வெண் கூறின் கட்டத்தையும் ஒரு குறிப்பிட்ட அளவு திருப்புவதுதான். ஆற்றல் ஒன்றும் அழிவதில்லை, தகவலும் அழிவதில்லை. கட்டம் தெரிந்தால், எந்தக் கூறு எவ்வளவு திருப்பப்பட்டதோ அவ்வளவு எதிர்த்திசையில் திருப்பிக் கணக்கின் மூலமாகவே துடிப்பை மீட்டுவிடலாம். கோஹிரன்ட் ஏற்பி இதைச் செய்கிறது. வரும் ஒளியை ஏற்பியிலேயே உள்ள ஒரு லேசரின் ஒளியோடு கலந்து, அலையின் வீச்சு, கட்டம், அது அதிரும் திசையான அதிர்வுத் தளம் ஆகிய அனைத்தையும் மின்குறிகையாகப் பெறுகிறது. அதை ஏற்பியில் உள்ள கணிப்புச் சில்லு எண்களாக மாற்றி, அலையை அதிர்வெண் கூறுகளாகப் பிரிக்கும் ஃபூரியே உருமாற்றம் என்ற கணக்கின் வழியே நிறப்பிரிகையை நீக்குகிறது. அதிர்வுத் தளங்கள் இரண்டும் சற்றே வெவ்வேறு வேகத்தில் செல்வதால் வரும் இன்னொரு விரிவும், வெப்பநிலையோடு கணந்தோறும் மாறும் இயல்புடையதாக இருந்தும், அதே சில்லில் தொடர்ந்து சரிசெய்யப்படுகிறது.

இதன் அளவை எண்ணிப் பார்த்தால் வியப்பு ஏற்படும். கிலோமீட்டருக்கு 20 அலகு நிறப்பிரிகை கொண்ட இழையில் 6,600 கிலோமீட்டர் எந்த ஈடும் இல்லாமல் ஒளியை அனுப்பினால், 1,32,000 அலகு சேரும். நொடிக்கு 3,200 கோடிக் குறியீடுகள், அதாவது பிட்களைச் சுமக்கும் துடிப்புகள், செல்லும் ஒரு குறிகையில், ஒவ்வொரு குறியீடும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அண்டைக் குறியீடுகளின் மேல் பரவிக் கலந்துவிட்டிருக்கும். மறுகரைக்கு வந்து சேரும் ஒளியில் துடிப்பு என்று சுட்டிக்காட்ட எதுவுமே இருக்காது. இரைச்சலைப் போன்றதொரு அலைவு மட்டுமே இருக்கும். அந்தக் கலக்கத்திலிருந்து ஒவ்வொரு குறியீட்டையும் சில்லு பிரித்தெடுக்கிறது.

அதைவிட முக்கியமானது, இப்படிக் கலந்துபோக விடுவதே நல்லது என்ற கண்டுபிடிப்பு. துடிப்புகள் அடிக்கடி ஒன்று திரண்டு எழும் பழைய பாதைகளில், ஒவ்வொரு திரட்சியிலும் கெர் விளைவு அதே விதமாக மீண்டும் மீண்டும் தாக்குகிறது. தொடக்கத்திலேயே விரிந்து கடைசி வரை விரிந்தே செல்லும் ஒளியில் அந்தத் தாக்கம் சிதறி, கெடுதல் குறைகிறது. எனவே இப்போது இடப்படும் கேபிள்களில் எதிர்க்குறி இழைகள் இல்லை. நிறப்பிரிகை அதிகமான, உள்ளகப் பரப்பு அகன்ற, இழப்பு மிகக் குறைந்த ஒரே வகை இழையே முழுத் தூரத்துக்கும் செல்கிறது. 2017இல் அமெரிக்காவின் வர்ஜீனியா பீச்சையும் ஸ்பெயினின் பில்பாவோவையும் இணைத்த மரேயா கேபிள் இந்தத் தலைமுறையைச் சேர்ந்தது. அதன் நீளம் ஏறத்தாழ 6,600 கிலோமீட்டர். முன்பு மிகுந்த கவனத்தோடு நிறப்பிரிகை வரைபடம் தீட்டி இடப்பட்ட கேபிள்களின் இரு முனைகளிலும் புதிய கோஹிரன்ட் கருவிகளைப் பொருத்தி, அவற்றின் கொள்ளளவைப் பல மடங்கு கூட்டியிருக்கிறார்கள். ஆயினும் எதிர்க்குறி இழை இல்லாத புதிய பாதைகள் தரும் பயனை அவற்றால் முழுமையாக எட்ட முடிவதில்லை.

கணக்கால் நீக்க முடியாதது ஒன்று மட்டும் எஞ்சுகிறது. நிறப்பிரிகை நேரியல் விளைவு, அதைத் திருப்பிவிடலாம். கெர் விளைவோ பெருக்கிகளின் இரைச்சலோடும், அதே இழையில் செல்லும் பிற அலைநீளங்களோடும் கலந்துவிடுவதால் அதை முழுமையாகத் திருப்ப இயலாது. இரைச்சலை மீறி ஒலிக்க ஆற்றலைக் கூட்டினால் கெர் விளைவு மிகுகிறது. கெர் விளைவுக்கு அஞ்சி ஆற்றலைக் குறைத்தால் இரைச்சல் மேலோங்குகிறது. ஒவ்வோர் இழைக்கும் இந்த இரண்டுக்கும் நடுவில் உகந்த ஓர் ஆற்றல் அளவு உண்டு. அதைத் தாண்டி ஓர் இழையிலிருந்து கூடுதல் கொள்ளளவைப் பெறுவது மிகக் கடினம். அதோடு, கடலடிப் பெருக்கிகளுக்கு வேண்டிய மின்சாரம் முழுவதும் கரையிலிருந்தே கேபிளின் வழியாகச் செல்ல வேண்டியிருப்பதால் அதற்கும் ஓர் உச்சவரம்பு இருக்கிறது. இதனால் வடிவமைப்பாளர்கள் இப்போது, ஓர் இழையில் ஆற்றலை மேலும் மேலும் ஏற்றாமல், அதைச் சற்றே குறைத்து இழைகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள். மரேயாவில் இருந்தவை 8 இழை இணைகள். அமெரிக்காவையும் பிரான்ஸையும் இணைத்து அதற்குச் சில ஆண்டுகள் பின் வந்த டுனான்ட் கேபிளில் இருப்பவை 12.